உண்ட நினைவும் ஊட்டிய நினைவும்

இளமையில் உண்ட உணவை முதுமையில் நினைந்து எழுதும் வழக்கம் இன்று உரைநடையிற் பெருகி வருகின்றது. மீன் குழம்பும் பழஞ்சோறும் குளத்து நீராடலும் இந்நினைவுரைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இனியவற்றை அடுக்கிக் கூறுதலானே அவை இலக்கியம் ஆகுமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது. சங்கப் பாடல்கள் மூன்றனை அளவுகோலாகக் கொண்டு இதனைக் காண்பாம்.

முதலாவது, பொருநராற்றுப்படை. கரிகாலன் அளித்த விருந்தைப் பொருநன் ஒருவன் நினைந்து கூறுகின்றான். சூடான இறைச்சியை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்றதையும், உழுது தேய்ந்த கொழுப்போலப் பற்கள் மழுங்கியதையும் அவன் மறைத்தானல்லன். இந்நினைவு சுவையுடையது; ஆயினும் ஏக்கமுடையதன்று. பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் செலுத்துதலே இதன் பயன். ஆகவே, இது முன்னோக்கும் நினைவு.

இரண்டாவது, போதனார் பாடிய நற்றிணை 110. பொற்கலத்திலிட்ட தேன் கலந்த பாலை உண்ண மறுத்து, நரைமுதிர்ந்த செவிலியர் தளரும்படி ஓடியவள் ஒரு சிறுமி. அவளே மணம் புரிந்தபின், கொண்டவன் குடி வறுமையுற்ற காலத்துத் தந்தை வீட்டு வளமான சோற்றை நினையாளாய், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இங்கே நினைப்பவர் யார்? உண்ண மறுத்த மகள் அல்லள். அவளை வளர்த்த தாயரே. மகளுக்கு அப்பால் ஒருநாளை உணவு. தாயர்க்கோ அது மகளின் இளமை முழுவதும். உணவு இங்கு உணவாய் நில்லாது, கழிந்த காலத்தின் அளவாகி விடுகின்றது.

மூன்றாவது, தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூறு 243. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்து ஆடியதும், மருதமரத்துக் கிளையேறிக் குதித்து மடுவின் அடிமணலை அள்ளி வந்ததும் முதியவர் நினைவில் எழுகின்றன. இன்றோ கையில் ஊன்றுகோல். இருமலுக்கிடையே சில சொற்கள். உணவு ஒன்றேனும் இப்பாட்டில் இல்லை. எனினும், அன்றாட இளமையை இத்துணைச் சிறப்பப் பாடிய பாட்டுப் பிறிதொன்று காண்டல் அரிது. அன்றும் இன்றும் ஒரே பாட்டில் எதிரெதிர் நிற்றலே அதற்குக் காரணம். இறந்தார்க்கு இரங்கும் கையறுநிலைத் துறையில் இதனை வைத்தமை, துறை வகுத்தோரின் நுண்ணறிவைக் காட்டும்.

இவ்வளவுகோலை நம் காலத்து நினைவுரைக்குப் பொருத்திப் பார்ப்போம். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாகிய கீரனூர் போன்ற புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள், மழைநீர் தேக்கும் கண்மாய்களைச் சார்ந்தவை. அறுவடை முடிந்து கோடையில் நீர் வற்றுங்கால், இம்மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் மீன்பிடித் திருவிழா நிகழும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும், மக்கள் ஊத்தாவும் வலையும் கொண்டு ஒருங்கே இறங்குவர். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அகப்படும். அன்று வீடுதோறும் மீன் குழம்பு மணக்கும்.

இதனை நினைந்து எழுதப் புகுவோர் பலர், குழம்பின் மணத்தோடு நின்றுவிடுவர். அம்மீன் கைக்கு எட்டியது நீர் வற்றியதனால் அன்றோ? பிள்ளைகள் கொண்டாடிய விருந்து, உழவனுக்குக் கோடையின் அறிவிப்பு. குழம்பு வைத்தவள் சட்டியில் தனக்கென எஞ்ச வைத்தது யாது? உண்ட சிறுவன் அதனை அறியான், அது குற்றமன்று. முதிர்ந்து எழுதுவோன் அறியாது விடின், அது குறையேயாம்.

ஆகவே, நினைவுரையைத் திறனாய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். நினைப்பவர் யார்? அவர் இழந்தது யாது? இவற்றிற்கு விடையிறாத நினைவுரை எத்துணைச் சுவையாயினும் உணவுப் பட்டியலே. உண்டவன் நினைவோடு ஊட்டியவள் நினைவும் சேருமிடத்தே அது இலக்கியமாகும்.