நிழல் கமராவில், வெண்பனி டாங்கில்

ஜனவரியில் விட்பித் துறைமுகம் தானாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடுகிறது. உறைந்த நீர், கரையேற்றி வைத்த படகுகள், அப்பால் சாம்பல் நிறத்தில் ஒன்ராறியோ ஏரி. அங்கே ஒரு ரோல் எடுத்தால், அதை நீங்களே கழுவிப் பாருங்கள். படத்தின் பாதி அழகு கழுவும்போதுதான் முடிவாகிறது.

இருட்டில்

ஃபிலிமை ரீலில் சுற்றி டாங்கை மூடும்வரை முழு இருட்டு வேண்டும். சிவப்பு விளக்கு பிரின்ட் போடும் தாளுக்குத்தான். ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் குளியலறை போதும். கதவிடுக்கில் துவாயைச் செருகுங்கள். ஃபிலிம் ரீலில் வழுக்கி ஏறுவதை விரல் நுனி சொல்லும். சிக்கினால் இழுக்காதீர்கள், பின்வாங்கி மறுபடி ஏற்றுங்கள்.

டாங்கில்

1954இல் 35 மி.மீ. அளவில் வந்த கோடாக் ட்ரை-எக்ஸ் இன்றும் ஏரியின் அக்கரையில், ராச்செஸ்டரில்தான் தயாராகிறது. தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில், 20 பாகை செல்சியஸில், அதற்கு 6 நிமிடம் 45 விநாடி. ஒவ்வொரு 30 விநாடிக்கும் டாங்கை 5 விநாடி மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குளிர்காலக் குழாய்நீர் சில்லென்று வரும். வெந்நீர் கலந்து வெப்பமானியில் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக்குகிறது. மிஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைக்கிறது. ஃபிக்ஸராகப் பயன்படும் ஹைப்போ என்னும் உப்புக்கு இந்தக் குணம் உண்டென்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்தார். வெட்டியெறியும் ஃபிலிம் நுனியை வெளிச்சத்தில் ஃபிக்ஸரில் போட்டுப் பாருங்கள்: மங்கலாக இருந்தது கண்ணெதிரே தெளியும். அதற்கு ஆன நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஃபிலிமை ஃபிக்ஸரில் வையுங்கள். பாவித்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சிங்கில் ஊற்றாமல், அபாயகரமான வீட்டுக் கழிவு ஏற்கும் நிலையத்தில் கொடுங்கள்.

ஜன்னலில்

அலசி, தூசியில்லாத இடத்தில் தொங்கவிட்டு, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வெண்பனி கறுத்திருக்கும், நிழல் தெளிந்திருக்கும்.

முதலில் நிழலைப் பாருங்கள். படகின் அடிப்பகுதியில் பலகை வரிகள் தெரிகின்றனவா? வெறும் கண்ணாடியாக இருந்தால் கமராவில் ஒளி போதவில்லை. பனியை ஒளிமானி சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் கூட்டிக் கொடுங்கள்.

அடுத்து பனி. அந்தக் கறுப்பை அச்சிட்ட தாளின்மேல் வையுங்கள். எழுத்துகள் மங்கலாகவாவது தெரிந்தால் பனியின் மேடுபள்ளம் படத்தில் வரும். தெரியாவிட்டால் பெரும்பாலும் கழுவும் நேரமோ வெப்பமோ கூடியிருக்கும்.

கடைசியாக ஓரத்து எழுத்தும் எண்களும். அவை ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவை அழுத்தமாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் குறை படமெடுத்ததில். அவையும் மெலிந்திருந்தால் குறை கழுவியதில்.

நிழலைக் கமரா தீர்மானிக்கிறது. பனியின் வெண்மையை டாங்க் தீர்மானிக்கிறது. அடுத்த ரோலை அதே துறைமுகத்தில், அதே ஒளியில் எடுத்து, கழுவும் நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம் குறைத்துப் பாருங்கள். இரண்டு நெகட்டிவையும் அருகருகே பிடித்தால், நிழல் ஏறக்குறைய அப்படியே இருக்க, பனி மட்டும் மென்மையாகியிருப்பது தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண் ஒருமுறை பிடித்துவிட்டால், இனி எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் மேலோட்டமாகப் பார்க்க மாட்டீர்கள்.