மண்சரிவும் விஞ்ஞானக் கல்வியும்

விஞ்ஞானக் கல்வி என்றால் சூத்திரங்களை மனனஞ் செய்து பரீட்சைத்தாளில் இறக்கிவைப்பது என்ற நிலை மாறவேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்கமுடியாது. நடந்த ஒரு நிகழ்ச்சியை மாணவர்முன் வைத்து, அதன் காரணங்களை அவர்களே ஆராயச் செய்யும் முறையைச் சட்டக் கல்வியும் வணிகக் கல்வியும் முன்னரே கைக்கொண்டன. 1990களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக உயிரியற் பேராசிரியர் கிளைட் ஹெரைட் அதனை விஞ்ஞான வகுப்புகளிற் பரப்பினார். இந்நிகழ்வாய்வு முறையை நாம் வரவேற்கிறோம். ஆயின், எந்த நிகழ்ச்சியை எடுக்கிறோம், விசாரணையை எவ்விடத்தில் நிறுத்துகிறோம் என்பதிலேயே அதன் பயன் தங்கியுள்ளது.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பதுளையிலாகும். அதே மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. ஊவாவில் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு இதனினும் அண்மையான பாடம் எது?

பாடத்தின் முற்பகுதி எளிது. தொடர்மழை மண்ணின் நுண்துளைகளை நிரப்புகிறது, நீரழுத்தம் உயர்கிறது, மண்துகள்களுக்கிடையே உள்ள பிடிப்புத் தளர்கிறது, சாய்வு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது இறங்குகிறது. வகுப்பு இத்துடன் முடிந்தால் மழை ஒன்றே குற்றவாளி, மற்றெல்லோரும் நிரபராதிகள்!

ஆனால், அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரித்ததாக அதிகாரிகள் கூறினர். குடியேற மாற்றிடம் தரப்படவில்லை என மக்கள் கூறினர். லயத்தில் வாழ்பவருக்கு லயம் சொந்தமன்று, நிலமும் சொந்தமன்று. 'வெளியேறுங்கள்' என்பது நிலமுள்ளவருக்கு ஆலோசனை. நிலமற்றவருக்கு அது விடையில்லாத கேள்வி.

'இது சமூகவியல், எமது துறையன்று' என விரிவுரையாளர் சிலர் கூறக்கூடும். எவ்வளவு மழை பெய்தால் எச்சரிக்கை விடுப்பது என்பது விஞ்ஞானமாயின், அவ்வெச்சரிக்கை ஏன் உயிரைக் காக்கவில்லை என்பதும் விஞ்ஞானத்தின் பாற்பட்டதே. மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டு, அதை வாங்க நோயாளியிடம் காசுண்டா என்று கேளாத வைத்தியம் பாதி வைத்தியந்தான்.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: மாணவர் சாய்வை அளக்கட்டும், மழைக்கணக்கை எடுக்கட்டும். சுவரில் வெடிப்பு எப்போது கண்டது, ஊற்று எப்போது கலங்கியது என்று லயத்து முதியோரிடமும் கேட்டெழுதட்டும். அதன்பின், அம்மக்கள் எங்கே போயிருக்கமுடியும் என்ற வினாவுக்கும் அதே கொப்பியில் விடை எழுதட்டும். அதற்கும் புள்ளி வழங்குங்கள்.