பல் மாறும் பருவமும் மாற்றுப் பொருளும்

காலை எட்டு மணிக்குள் கணவன் ஹிஞ்சவடிக்கும் மனைவி பிம்பிரிக்குமாக வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட, அடுக்குமாடி வீடொன்றில் நான்கு மாதத்து லாப்ரடார் குட்டி தனித்து விடப்படுமானால், மாலையில் திரும்பி வருகிறவர்களை எதிர்கொள்வது சோபாவின் பஞ்சும், செருப்பின் அறுந்த வாரும், மேஜைக் காலின் சிராய்களுமே என்பதைப் புனேயை அடுத்த சிஞ்ச்வட் வாசிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்த உபத்திரவத்துக்குப் பரிகாரமாகக் கால்நடை வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் இன்று பெரும்பாலும் ஒரே உபாயத்தைத்தான் சொல்கிறார்கள்: கடிக்கக் கூடாததை எடுத்து மறைத்துவிடு, கடிக்கத் தக்கதை வாயில் கொடு, அதைக் கடிக்கும்போது மெச்சு. கேட்பதற்கு மிக எளிதாயிருக்கும் இந்த உபாயம் எவ்வளவு தூரம் பலிக்கிறது, எங்கே பலிக்காமற் போகிறது என்பது ஆராயத் தக்கது.

முதலில் குட்டியின் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிடுவோம். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கும் 28 பால்பற்களும் மூன்றரை மாத அளவில் முன்பற்களில் தொடங்கி ஒவ்வொன்றாக விழ, ஆறு ஏழு மாதங்களுக்குள் 42 நிலையான பற்கள் வாயை நிறைத்துவிடுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் ஈறுகள் ஓயாமல் உறுத்துகின்றன. பாயில் அரிசிமணி போன்ற பல்லொன்று உதிர்ந்து கிடப்பதையும், மென்ற துணியில் மெல்லிய ரத்தக் கீற்று படிந்திருப்பதையும் கண்டவர்கள், குட்டி விஷமத்துக்காகத்தான் கடிக்கிறது என்று சொல்லத் துணியமாட்டார்கள். (பால்பல் விழாமலே அதன் பக்கத்தில் புதுப்பல் எழுந்துவிடுவது பாமரேனியன் போன்ற சிறிய ஜாதி நாய்களில் அடிக்கடி நேர்வது, அதை வைத்தியரிடம் காட்டிவிடுவது உத்தமம்.)

நம்மவர்களிடையே வெகுகாலமாக வழங்கிவரும் முறைகள் இரண்டு: சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பது ஒன்று, மேஜைக் காலில் மிளகாய் விழுதையோ வேப்பெண்ணெயையோ தடவி வைப்பது மற்றொன்று. காலையில் செய்த காரியத்துக்கு மாலையில் விழும் அடியை நாய் தன் செயலோடு இணைத்துப் பார்ப்பதில்லை. 'தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்' என்று வாதிப்பவர்களுக்கு, அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை தக்க விடையாகும். தின்னக் கூடாது என்று விலக்கப்பட்ட பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும் எஜமானர் கடிந்துகொண்டபோது ஒரே மாதிரி முகத்தைத் தாழ்த்தின என்பதோடு, குற்றமற்ற நாயிடத்தில் அந்தத் தாழ்ச்சி அதிகமாகவே காணப்பட்டது என்று அவர் கண்டார். மிளகாய் கண்ணையும் மூக்கையும் எரித்து ஜீவஹிம்சையாய் முடியும். கசப்புக்கு மட்டும் சிறிது பிரயோஜனம் உண்டு. ஆனால் ஒருமுறை துடைத்தால் போய்விடுகிற அந்தக் கசப்பு, எதைக் கடிக்கலாகாது என்று சொல்லுமேயன்றி எதைக் கடிக்கலாம் என்று சொல்லாது.

மாற்றுப் பொருள் கொடுக்கும் முறையின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. செருப்பைக் கவ்விய குட்டியிடமிருந்து அதைப் பிடுங்க முயன்றால் இழுபறி விளையாட்டென்று எண்ணி இன்னும் இறுகக் கடிக்கும். அதற்குப் பதிலாகத் தரையில் அமர்ந்து, ஈரத்துணியை முறுக்கிக் குளிர்பெட்டியில் உறையவைத்த கட்டையை மூக்கருகே நீட்டினால், குளிர்ச்சி ஈறுக்கு இதமாயிருப்பதால் செருப்பைத் தானே நழுவவிடும். அந்தக் கணத்திலேயே மெச்ச வேண்டும். அரை நிமிஷம் கழித்து மெச்சினால் எதற்காக என்று அதற்கு விளங்காது. இன்று உலகமெங்கும் விற்கும் 'காங்' என்னும் ரப்பர்ப் பொம்மையும் இவ்வாறே பிறந்தது: 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவருடைய நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டிருக்க, அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஃபோக்ஸ்வாகன் வண்டியின் ரப்பர் பாகமொன்றை அது விரும்பிக் கடித்ததே அதற்கு வித்து. மோட்டார் உதிரிப்பாகப் பட்டறைகள் மலிந்த நம் ஊரில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எவரும் பட்டறை ரப்பரைக் குட்டிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடக் கூடாது. எண்ணெய் ஊறிய அந்தத் துண்டு பிய்ந்து வயிற்றுக்குள் போனால் அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

குறைகளுக்கு வருவோம். கடைகளில் 'பல்லுக்கு நல்லது' என்று விற்கும் சாமான்கள் எல்லாம் நல்லவையல்ல: வேகவைத்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும், பதனிட்ட தோல்துண்டு ஊறித் தொண்டையில் அடைக்கும், சுர்ப்பி என்னும் காய்ந்த பாலாடைக்கட்டி போன்ற மிகக் கடினமானவை பல்லையே பிளக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் பதியாததைக் குட்டிக்குக் கொடுக்கலாகாது என்பது நல்ல விதி. ஆயினும் பெரிய குறை பொருளில் இல்லை, பொழுதில் இருக்கிறது. இந்த உபாயம் முழுவதும் ஒருவர் அருகிலிருந்து பார்ப்பதை நம்பி நிற்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கலாகாது என்று 2017 ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுகின்றன. அந்த வயதில் கொண்டுவந்து ஒரு வாரம் விடுப்பெடுத்துக் கொஞ்சுகிறவர்கள், பல் விழத் தொடங்கும்போது அலுவலகத்தில் இருக்கிறார்கள். தடுப்பூசி வரிசை முடியப் பதினாறு வாரமாவதால், பார்வோ நோய்க்கு அஞ்சித் தெருவுக்கும் அனுப்ப முடியாமல், ஈறு தினவெடுக்கும் தொடக்கத்தில் குட்டிக்கு வீடே உலகமாகிவிடுகிறது.

அப்போது கூண்டு வருகிறது. ஓரிரு மணி நேரத்துக்கு அது நல்ல சாதனமே; மின்கம்பியைக் கடிக்காமலும் பால்கனி அரளியை மெல்லாமலும் உயிரைக் காக்கிறது. ஆனால் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் அடக்க இயலாத வயதில் பத்து மணி நேரம் அடைத்து வைத்துவிட்டு, உள்ளே இரண்டு பொம்மைகளைப் போட்டதால் முறைப்படி நடந்துகொண்டோம் என்று நினைப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

எனவே என் அபிப்பிராயம் இது: முறை சரியானது, பகல் முழுதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. அத்தகைய வீட்டார் பல் மாறி முடிந்து ஒரு வயது கடந்த நாயைத் தத்தெடுக்கட்டும். குட்டிதான் வேண்டுமென்பவர்கள், நடுப்பகலில் வந்து கவனிக்க ஓர் ஆளை முதலில் ஏற்பாடு செய்துகொண்டு, அதன்பிறகு குட்டிக்கு முன்பணம் கொடுக்கட்டும்.