ஜீனோவின் தயக்கம்: ஒரு விஞ்ஞான நாவலின் வர்க்க அடித்தளம்

தமிழில் விஞ்ஞானப் புனைகதை பற்றி முற்போக்கு விமர்சகர்கள் எழுதியவை மிகச் சொற்பமே. வணிக சஞ்சிகைகளின் தொடர்கதைச் சரக்கு என அதனை ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், பெருந்தொகையான வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்த ஒரு படைப்பு எந்த வர்க்கத்தின் கனவையும் அச்சத்தையும் சுமந்து நிற்கின்றது என வினவுவது விமர்சனத்தின் கடமையாகும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை அந்நோக்கிலேயே இக்கட்டுரை அணுகுகின்றது.

கதை நிகழும் காலம் 2021, 2022 ஆகிய ஆண்டுகள். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்களாய்ச் சுருங்கிவிட்டன. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி பெற்ற நிலாவின் கணவன் சிபி காணாமற் போகின்றான். அரச கட்டளையுடன் அவள் வீட்டிற் குடிபுகும் ரவியுடன் ஜீனோ என்னும் இயந்திர நாயும் வந்து சேர்கின்றது.

இவ்வுலகம் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை இந்தியாவில் நிலவிய அவசரநிலையின்போது, 1976-77 ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் வறியோர். குடும்பத்தின் உள்ளறைவரை அரசு நுழைந்த அவ்வனுபவத்தின் நிழல் நாவலில் விழுந்திருக்கின்றது எனக் கொள்வது பொருத்தமானதே.

ஜீனோவின் பாத்திர வார்ப்பே இங்கு முதன்மையான பிரச்சினை. 1921இல் மேடையேறிய காரெல் சாபெக்கின் நாடகமே உலகுக்கு ‘ரோபோ’ என்ற சொல்லை வழங்கியது. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவருடைய இயந்திர மனிதர் தொழிற்சாலையிற் பிறந்த தொழிலாளர், கூட்டாகவே கிளர்ந்தெழுகின்றனர். 1942இல் ஐசக் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளோ, கீழ்ப்படிதலை இயந்திரத்தின் இயல்பாகவே ஆக்கிவிடுகின்றன. ஜீனோ இவ்விரு வகையையும் சார்ந்ததன்று. அது தொழிற்சாலையில் இல்லை, வீட்டில் இருக்கின்றது. உழைப்பதிலும் பார்க்கப் புத்தகம் படிக்கின்றது. வீரத்தை நாடிச் செல்லாத அதன்மீது சூழ்நிலையே வீரத்தைச் சுமத்துகின்றது. ஆட்சியின் நுட்பங்களை அறிந்து, நல்லவளொருத்திக்கு ஆலோசனை கூறுகின்றது. எசமான் மாறுகின்றான், ரவியின் நாய் நிலாவின் துணையாகின்றது. ஊழிய உறவு மட்டும் மாறுவதில்லை.

ஜீனோவில் நாம் காண்பது சம்பளம் பெறும் தொழில்நுட்ப மத்தியதர வர்க்கத்தின் உருவத்தையே. அவ்வர்க்கத்தின் கல்வியும் நகைச்சுவையும் நேர்மையும் உண்மையானவை. தான் இயக்கும் அமைப்பின் அநீதியை அது அறியும். ஆயினும் அதிகாரத்தைக் கைப்பற்றவோ, உழைக்கும் மக்களுடன் அணிசேரவோ தயங்குகின்றது. பெங்களூரின் அரசுத்துறை மின்னணு நிறுவனமொன்றிற் பொறியியலாளராகப் பணியாற்றிய ஆசிரியர் இத்தயக்கத்தை உள்ளிருந்தே அறிந்திருக்க வேண்டும். ஜீனோ உயிருள்ள பாத்திரமாய் நிற்பதற்கும் அதுவே காரணம்.

நாவலின் மிகக் கூர்மையான இடம், ஜீவா என்பவன் உண்மையில் இல்லை, ஒளியால் அமைந்த முப்பரிமாணப் பிம்பமே என வெளிப்படுவது. தனிமனித வழிபாட்டின் அடித்தளத்தை ஒரு காட்சியில் ஆசிரியர் தகர்த்துவிடுகின்றார். அதற்குப் பின் நிலாவை அரியணையில் அமர்த்தி, ரவியும் மனோவும் மறைவிலிருந்து ஆள முற்படுவதும் வரலாற்றுணர்வு மிக்க முடிவே. பிம்பம் மாறியது, ஆட்சியின் தன்மை மாறவில்லை. ஆனால் மக்கள்? நாவலில் அவர்கள் ஆரவாரிக்கும் கூட்டம் மட்டுமே. இயந்திரங்களைச் செய்தவர் எவர், அவற்றின் உடைமையாளர் எவர் என்ற வினாக்கள் எழுவதில்லை. இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பிரயோகத்தையும் வேறுபடுத்திக் காணுமாறு 1867இல் மார்க்ஸ் ‘மூலதனத்தில்’ வற்புறுத்தினார். அவ்வேறுபாடு இங்கு மங்கிவிடுவதால், விடுதலை ஒரு புத்திசாலி நாயின் தந்திரமாகச் சுருங்குகின்றது.

இக்குறையைச் சுட்டுவதற்காக நாவலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. பம்பலப்பிட்டியில் அமர்ந்து இதனைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு, பதிவும் அனுமதியும் கற்பனை விடயங்களல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அகற்றப்பட்டனர். நகரில் தங்குவதற்குத் தக்க காரணம் அவர்களுக்கு இல்லை என்பதே கூறப்பட்ட நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடையாள அட்டையை ஒருபோதும் மறவாது வீட்டைவிட்டுப் புறப்படப் பழகிய ஒருவர், நிலாவின் அச்சத்தை விளக்கமின்றியே உணர்வார்.

ஆண்டுக் கணக்கில் 2022உம் கடந்துவிட்டது. எதிர்காலம் பற்றிய நாவல் இறந்தகாலத்தின் ஆவணமாகிவிட்டது. ஜீனோவின் தயக்கம் மட்டும் நம்மிடையே, குறிப்பாகப் பல்கலைக்கழகச் சுவர்களுக்குள்ளே, இன்னும் வாழ்கின்றது. அறிந்தும் ஒதுங்கி நிற்கும் அறிவாளிகளாகிய நாம் அந்த இயந்திர நாயை நேசிப்பதில் வியப்பில்லை. அந்நேசத்தின் காரணத்தை ஆராயத் தொடங்கும்போதுதான் விமர்சனம் நம்மை நோக்கியும் திரும்புகின்றது.