போலிக் கடிகாரமும் பெயரின் பொறுப்பும்

ஒரு கைவினைப் பொருளை மதிப்பிடப் புகுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது எதனால் செய்யப்பட்டது? எவ்வாறு செய்யப்பட்டது? யார் பெயரால் விற்கப்படுகிறது? நகை வாங்கச் செல்லும் நம் தாய்மார்கள் இம்மூன்றையும் கேளாமல் பணத்தை எடுப்பதில்லை. ஆனால், விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்களின் போலிகளைப் பற்றிப் பேசுங்கால் நம்மவருள் பலர் முதல் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். "அதே எஃகு, அதே கண்ணாடி, அசலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று வியப்பும் கொள்கின்றனர். பினாங்கின் பத்து பெரிங்கி இரவுச் சந்தை நெடுங்காலமாக இத்தகைய போலிகளுக்குப் பெயர் போனது. அவற்றுக்குக் கிடைக்கும் பாராட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

முதலில் மூலப்பொருள். மலிவான போலிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மட்டமான உலோகத்தின்மேல் பூசிய மெல்லிய முலாம் வியர்வை பட்டு விரைவில் நிறம் மாறிவிடும். உயர்தரப் போலிகள் அவ்வாறல்ல. நல்ல கடிகாரங்கள் பலவற்றுக்குப் பயன்படும் 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகையே அவையும் கொள்கின்றன. ரோலக்ஸ் நிறுவனம் கையாளும் 904எல் எஃகில் நிக்கலும் மாலிப்டினமும் மிகுதி. ஆதலின் உப்புநீரின் அரிப்பை அது கூடுதலாகத் தாங்கும். எனினும் நாள்தோறும் கையில் கட்டுபவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணரமாட்டார். மோஸ் அளவுகோலில் 9 என்னும் கடினத்தன்மை கொண்ட நீலக்கல் கண்ணாடியும் இன்று அரும்பொருளன்று. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னூய் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1902ஆம் ஆண்டிலேயே உலகுக்கு அறிவித்துவிட்டார். அதே வழியில் நீலக்கல்லும் பின்னர் உருவாயிற்று. பொன்னில்தான் போலி பிடிபடும். 916 தங்கத்தை நன்கறிந்த நமக்கு, 18 காரட் என்பது ஆயிரத்தில் 750 பங்கு பொன் என்பது தெரியும். அப்பொன் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமுடையது. முலாம் பூசிய எஃகு உரைகல்லுக்குச் செல்லும் முன்பே உள்ளங்கையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வேலைப்பாடு. காப்புரிமைக் காலம் கடந்த சுவிஸ் இயந்திர அமைப்புகள் சிலவற்றைச் சீனத் தொழிற்சாலைகள் மறைவின்றியே செய்து வருகின்றன. அவை மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை துடிப்பவை. அவற்றைப் பொருத்திய போலியில் நொடிமுள் அசலில் போலவே வழுக்கிச் செல்லும். ஆயினும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பவருக்கு வேறொன்று புலப்படும். முகப்பு எழுத்துகளின் விளிம்பு கலங்கியிருத்தல், தேதி எண் சாளரத்தின் நடுவில் நில்லாமை, பின்மூடியைத் திறந்தால் தகடுகளின் ஓரம் மழிக்கப்படாதிருத்தல், எண்ணெய் வறண்டோ மிகுந்தோ இருத்தல் ஆகியன அவை. கண் எட்டும் இடத்தில் உழைப்பும், கண் எட்டாத இடத்தில் சிக்கனமும் போலியின் இலக்கணம் எனலாம்.

இக்குறைகளும் ஒருநாள் நீங்கக்கூடும். அப்போதும் மூன்றாவது வினா எஞ்சி நிற்கும். சுவிஸ் நாட்டின் காலமானிச் சோதனையில் ஓர் இயந்திரம் 15 நாள்கள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் ஆராயப்படுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பிந்துதலும் 6 நொடி முந்துதலுமே எல்லை. அச்சோதனையின் வாயிலைக்கூட மிதியாத போலி, தேறிவிட்டதாகத் தன் முகப்பில் எழுதிக்கொள்கிறது. அவ்வெழுத்தின் அச்சு எவ்வளவு நேர்த்தியாயினும் அது பொய்ச்சான்றே. பிரெகே என்னும் கடிகார மேதை தம் பெயரைப் பிறர் திருடுவது கண்டு, 1795ஆம் ஆண்டளவில் முகப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மறைகையொப்பம் பொறிக்கலானார். பெயர் என்பது செய்தவன் ஏற்கும் பொறுப்பு என்பதனாலேயே அவர் அதனைக் காத்தார்.

நகல் எடுப்பதே குற்றமா எனின், அன்று. இதற்குச் சான்று சூலியா தெருவிலேயே உள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயரே சூலியா என்பது. அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தெருவில் நாகூர் தர்காவை நினைந்து ஒரு தர்கா எழுப்பினர். ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில்தான் என்பதை யாரும் மறைக்கவில்லை. மூலத்தின் பெயரைச் சொல்லியே அது நிற்கிறது. கடிகாரத் தொழிலிலும் இத்தகைய நேர்மை உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்திடம் தொழில் கற்று 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., முகப்பில் தன் பெயரையே பொறித்தது. அதன் கடிகார ஆலைகள் மூடப்பட்ட பின்னரும் அக்கடிகாரங்களைத் தேடி வாங்குவோர் உள்ளனர்.

"பெருநிறுவனங்கள் பெயருக்கே விலை வாங்குகின்றன; ஏழைக்கும் ஆசை இருக்கக்கூடாதா?" என்று கேட்போர் உண்டு. முன்பகுதி நியாயமான குறையே. ஆனால், 1969இல் செய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்ட பின்னர், மலிவான கடிகாரமும் விலைமிக்க இயந்திரக் கடிகாரத்தினும் துல்லியமாக நேரம் காட்டும் காலம் வந்துவிட்டது. ஆகவே போலி விற்பது நேரத்தையன்று. தான் குறைகூறும் அந்தப் பெயரையே அது விற்கிறது. மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் இதனைக் குற்றமாகக் கொள்வதும் இக்காரணத்தாலேயே.

இதில் பெரிதும் இழப்பவர் யார்? நிறுவனத்திற்கு வழக்கறிஞர் இருக்கின்றனர். வாங்குபவர் பெரும்பாலும் அறிந்தே வாங்குகிறார். நுண்ணிய திருகுகளை நடுங்காத கையால் பூட்டிய தொழிலாளிக்கோ ஒன்றுமில்லை. அவருடைய வேலை எவ்வளவு சிறக்கிறதோ அவ்வளவுக்கு அவர் மறைந்துபோக வேண்டும்; அவர் கை தெரிந்தால் பண்டம் தோற்றது என்று பொருள். திறமையைத் தன்னையே அழித்துக்கொள்ளப் பணிக்கும் இத்தொழிலை, வேலைப்பாட்டின் பெயரால் புகழ்வது அவ்வேலைப்பாட்டுக்கே இழைக்கும் அநீதி. அவ்வெஃகு நல்ல எஃகு என்றே சொல்வோம்; அக்கை தேர்ந்த கை என்றும் சொல்வோம். முகப்பிலுள்ள பெயர் பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.