கைபேசியில் ஒரு திரைப்படம்: ‘டேஞ்சரின்’

கைபேசியைக் கொண்டு ஒரு முழுநீளத் திரைப்படம் எடுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றாகப் பலரும் சுட்டுவது ‘டேஞ்சரின்’ என்னும் அமெரிக்கப் படத்தை. ஷான் பேக்கர் இயக்கிய இப்படம் 2015 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மூன்று ஐபோன் 5எஸ் கைபேசிகளே இதன் காமிராக்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 1 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு.

நல்ல கைபேசி ஒன்று வாங்கிவிட்டால் நல்ல படம் தானே வந்துவிடும் என்ற எண்ணத்தை இப்படத்தின் புகழ் பரப்பிவிட்டது. அது சரிதானா என்று பார்ப்போம்.

கதை எளியது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். சிறையிலிருந்து வெளிவந்த ஒரு திருநங்கை, தன்னை ஏமாற்றிய காதலனைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் அலைகிறாள். ஆத்திரமும் சிரிப்பும் கலந்த அந்த அலைச்சல்தான் படம். (இது வயது வந்தோருக்கான படம் என்பதை மாணவர்கள் கவனிக்க.)

இனி, கருவிக்கு வருவோம். ஐபோன் 5எஸ்ஸில் பிம்பம் விழும் உணரியின் அளவு ஏறக்குறைய 4.8 மி.மீ. நீளம், 3.6 மி.மீ. அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது! வழக்கமான 35 மி.மீ. பிலிமில் ஒரு கட்டத்தின் பரப்பு இதைப்போல் சுமார் 20 மடங்கு. மழையில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். சிறிய உணரியில் சேரும் ஒளி குறைவு. வெளிச்சம் மங்கும்போது படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தோன்றுவது இதனால்தான்.

பேக்கரின் திறமை இந்தக் குறையை அறிந்து நடந்துகொண்டதில் இருக்கிறது. படத்தின் சிறந்த பகுதிகள் பகலில், திறந்த தெருவில், தாழ்ந்த சூரியனின் பொன்னிற ஒளியில் எடுக்கப்பட்டவை. ஒளி தாராளமாகக் கிடைத்ததால் சிறிய உணரியும் தெளிவான பிம்பம் தந்தது.

அடுத்தது, பூட்டு. கைபேசி தானாகவே வெளிச்சத்தையும் குவியத்தையும் மாற்றிக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளைப் பேருந்து குறுக்கே போனால் நடிகரின் முகம் இருண்டுவிடும். போனபின் மறுபடி வெளுக்கும். பேக்கர் குழுவினர் ‘ஃபில்மிக் ப்ரோ’ என்ற மலிவான செயலியால் இவற்றை நிலைநிறுத்தி, திரைப்பட வழக்கப்படி நொடிக்கு 24 கட்டங்களாகப் பதிவு செய்தனர். கை நடுக்கத்தைத் தணிக்க ஒரு தாங்கியையும் பயன்படுத்தினர்.

மூன்றாவது, லென்ஸுக்கு முன் பொருத்திய துணை வில்லை. இது காட்சியைப் பக்கவாட்டில் 1.33 மடங்கு நெருக்கிப் பதிய வைக்கும். பின்னர் கணிப்பொறியில் அதை விரித்தால் அகன்ற திரைக்குரிய படம் கிடைக்கும். அகலத்திற்காக மேலும் கீழும் வெட்டி எறிய வேண்டியதில்லை. உணரியின் பரப்பு வீணாவதில்லை.

ஒலியோ கைபேசியில் பதிவானதே அல்ல. அதற்கெனத் தனிக் கருவிகளும் தேர்ந்த பதிவாளரும் இருந்தனர். இதைப் பலர் சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. நிறங்களை மிக அழுத்தியிருப்பதால் பல காட்சிகளில் முகங்கள் ஆரஞ்சுச் சுளைபோல் ஒளிர்கின்றன. தெருவின் வெப்பத்தை உணர்த்த அது உதவினாலும், ஒரே சுவை நெடுநேரம் நீடித்துச் சலிப்பூட்டுகிறது. மேலும், சிறிய உணரியில் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். ஆகவே, துயரம் ததும்பும் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பின்னாலுள்ள விளம்பரப் பலகை கண்ணை இழுக்கிறது. இரவுக் காட்சிகளில் பகற்காட்சிகளின் உயிர்ப்பு இல்லை.

ஆனால் கார் கழுவும் நிலையத்தில் ஓடும் காருக்குள் எடுத்த நீண்ட காட்சியைப் பாருங்கள். பெரிய காமிராவும் அதன் பரிவாரமும் அங்கே நுழைவது கடினம். எல்லோர் கையிலும் இருக்கும் கருவி என்பதால் புதிய நடிகர்களும் அதன்முன் கூச்சமின்றி நடித்தனர். கைபேசியின் உண்மையான பலம் இதுதான்.

பேக்கரின் பிற்காலப் படங்கள் இதற்குச் சாட்சி. 2017-இல் வந்த ‘தி ஃபுளோரிடா ப்ராஜெக்ட்’ படத்தை அவர் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார், கூட்டத்தினூடே சிறுமிகள் ஓடும் இறுதிக் காட்சிக்கு மட்டும் கைபேசியை எடுத்தார். 2025-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ‘அனோரா’வும் பிலிமில் எடுத்ததே. கைபேசியால் புகழ் பெற்றவர் கைபேசியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. காட்சிக்கேற்ற கருவியைத் தேர்ந்தார்.

இப்படம் எடுக்கப்பட்ட கைபேசி இன்று பழைய பொருள். நம் பலரிடம் இருப்பது அதைவிட மேலானது. ஆகவே, நல்ல கருவி இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. மாலை வெயிலில் ஒரு நண்பரை நிறுத்துங்கள். திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். அவரை நடக்கவிட்டு எடுங்கள். பூட்டாமலும் ஒருமுறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘டேஞ்சரின்’ கற்பிக்கும் முதல் பாடம் உங்கள் கையிலேயே விளங்கும்.