அந்தியில் விரியும் பீர்க்கம்பூ

மாடித்தோட்டக்காரர்களில் கீரைப் பிரியர்கள் உண்டு, தக்காளிப் பைத்தியங்கள் உண்டு. என் மனம் பீர்க்கங்கொடியிடம்தான் போகும். பூசணியும் பாகலும் விடியலில் பூத்து, நாம் பேருந்துக்கு ஓடுகிற நேரத்திலேயே தம் வேலையை முடித்துக்கொள்ளும். பீர்க்கும் சுரையும் வெயில் தாழக் காத்திருப்பவை. ஐந்து மணிக்கு மேல்தான் இதழ் விரியும். வேலை முடிந்து வந்து மொட்டை மாடிக்கு ஏறுகிறவருக்கென்றே பூத்தது போலிருக்கும். முல்லைத் திணைக்கு மாலையைச் சிறுபொழுதாக வைத்தவர்கள் அந்த நேரத்தின் அருமை தெரிந்தவர்கள்.

சென்னை அடுக்குமாடிகளில் மாடி எல்லோருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் இடையில் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். பீர்க்குக்கு அது போதும். அடியில் துளையிட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி, ஏறுவதற்குக் கயிற்றுப் பந்தல், தளத்தில் ஈரம் தங்காமலிருக்க வாளிக்கு அடியில் செங்கல். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு மூன்றையும் கலந்த கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஆடிப்பட்டத்தில் விதை ஊன்றினால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூ.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள், கொத்துக் கொத்தாக. பெண் பூ பிறகு, தனித்து வரும். காம்பிலேயே விரல்கடை நீளத்துக்கு வரியோடிய ஒரு குட்டிப் பீர்க்கங்காய், அதன் நுனியில் மஞ்சள் பூ. உயரமான மாடிக்கு வண்டுகள் வருவது நிச்சயமில்லை; மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு பழுத்து வெம்பிவிடும். அதனால் நம் கைதான் வண்டு. அன்று விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்ல ஒற்ற வேண்டும். அழுத்தினால் கெட்டுவிடும். அவசரமாகச் செய்யவே முடியாது. ஒற்றுகிற அந்தச் சில நொடிகளில் மூச்சு தானாக நிதானப்படும். பகலில் யார் என்ன சொன்னார்கள் என்பது நினைவிலேயே இருக்காது. மாடித்தோட்டக் கலையின் உச்சம் இதுதான் என்பேன். சொட்டுநீர்க் குழாயும் தானியங்கிக் கருவியும் வேலையைக் குறைக்கலாம், ஆனால் இந்த நொடிகளைத் தர அவற்றால் ஆகாது.

இந்த நிம்மதியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஆக்னஸ் வான் டென் பெர்க்கும் சக ஆய்வாளர் ஒருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறப் பொதுத் தோட்டங்களில் பாத்தி வைத்திருந்த 30 பேரை முதலில் பதற்றம் தரும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தங்கள் பாத்தியில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் உள்ளே அமர்ந்து படித்தார்கள். எச்சிலில் அளந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இரு தரப்பிலும் இறங்கியது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. அவர்களுடைய மனநிலையும் முழுதாகத் தெளிந்திருந்தது.

பொது மாடிக்கென்று ஓர் அழகு உண்டு. உங்கள் கொடியில் பெண் பூ விரிந்த மாலையில் ஆண் பூ ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அப்போது எதிர்வீட்டு அக்காவின் கொடிதான் கதி. "ஒரு பூ கிள்ளிக்கட்டுமாக்கா?" என்று கேட்பதில் தொடங்கிய சிநேகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம், பத்து நாளில் காய் இளசாகப் பறிக்கும் பதத்துக்கு வரும். கூட்டுக்குச் சதையும் துவையலுக்குத் தோலும் ஆகும். எல்லாவற்றையும் பறித்துவிடாமல், நன்கு திரண்ட ஒரு காயை விதைக்கு விடுகிறவரைத்தான் தேர்ந்த தோட்டக்காரர் என்பேன். அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து நார்க்கூடாகும். நுனியில் உள்ள மூடி விட்டுக்கொள்ளும். தலைகீழாக ஆட்டினால் கொட்டுகிற கறுப்பு விதைகள், அடுத்த ஆடிக்கு மாடியில் வாளி வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் போதும்.